காலியாய் இருந்த பதினொரு இடம்

அத்தியாயம் 9

ஒரு வாரமாக அந்த ஊரில் மழை பற்றிக்கூட யாரும் பேசவில்லை. முடிவெட்டும் கடை, மருந்துக் கடை, பேருந்து நிலையம், எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். எட்டாம் வகுப்புத் தேர்வின் மாவட்டப் பட்டியலில் முப்பத்தொன்றாம் இடத்தில் மல்லாந்து கிடந்த ஊர் நடுநிலைப் பள்ளி, ஒரே தாவலில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. பிள்ளையை அங்கே அனுப்புகிறோம் என்று சொல்லவே கூச்சப்பட்டவர்கள் எல்லாம் இப்போது 'எங்க ஸ்கூல்' என்று மார் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. புதிதாக ஏறியவர்களுக்காக ஒரு வரி. பள்ளியின் தலைமையாசிரியை, கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் மனைவி. கடைக்காரரின் தங்கை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தங்கையின் ஒரே மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிப் பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'.

இன்று மாலை நான்கு மணிக்குப் பாராட்டு விழா. மாவட்டக் கல்வி அதிகாரி வந்து கேடயம் கொடுக்கப் போகிறார். ஊரே சிரித்த முகமாக இருக்க, கடைக்காரருக்கு மட்டும் காலையிலிருந்து மனசு சரியில்லை.

காரணம் அவர் மனைவி கேட்ட ஒரு கேள்வி.

"ஏங்க, நாலு மாசத்துக்கு முன்னாடி எங்க பிள்ளைங்களுக்குக் கண் பார்த்தீங்களே, அந்த நோட்டு கடையிலதானே இருக்கு?" கைக்கடிகாரத்தைக் கட்டியபடியே கேட்டாள்.

"இருக்கும். ஏன்?"

"மத்தியானம் ஸ்கூலுக்கு எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"வேணும்."

அவ்வளவுதான். உப்பு ஏன் குறைந்தது என்று கேட்டால்கூட மூன்று காரணம் வரிசையாகச் சொல்லும் ஆசிரியை அவள். இருபது வருஷத்தில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அவளும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வழக்கமாகத் திரும்பிப் பார்க்கிறவள் இல்லை.

* * *

கடையைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை இன்னும் துடைத்து முடிக்கவில்லை. தங்கை காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக, கழுத்தில் விசில் ஆட, உள்ளே வந்தாள்.

"அண்ணா, அடுத்த டிரிப்புக்குப் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு. நீ யோசிச்சுப் பேச ஆரம்பிச்சா பஸ் போயிடும். நான் பேசுறேன், நீ கேளு."

ஒரு காகிதத்தை மேஜையில் வைத்துத் தட்டினாள். வாலுவின் மதிப்பெண் சீட்டு. ஐந்து பாடம், ஐந்துக்கும் கோடு. கீழே 'தேர்வுக்கு வரவில்லை' என்று முத்திரை.

"இது என்ன?" என்றார்.

"அதைத்தான் நானும் கேக்கிறேன். அன்னிக்கு என் பஸ்லதான் கூட்டிட்டுப் போய் ஸ்கூல் வாசல்ல இறக்கினேன். விசில் அடிச்சு நானே இறக்கிவிட்ட பொண்ணு எப்படி வராம போவா?"

"அவளைக் கேட்டியா?"

"கேட்டேன். உன் கடையில கண் பார்த்தாங்களே, அது பரீட்சை அன்னிக்குக் காலையிலதாங்கிறா. பரீட்சை தப்பிச்சுதுன்னு சந்தோஷத்துல இத்தனை நாள் மூச்சு விடலை."

கடைக்காரரின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

"அவ மட்டும் இல்ல, பதினொரு பேர். நான் விசாரிச்சுட்டேன். என் பஸ்ல ஏறாத அம்மா இந்த ஊர்ல யாரு? பதினொரு சீட்டுலயும் இதே கோடு. நல்லாப் படிக்கிற பிள்ளை அதுல ஒண்ணுகூட இல்லை, எல்லாம் கடைசி பெஞ்சு. நாற்பத்து மூணு பேர்ல இந்தப் பதினொண்ணையும் கழிச்சிட்டு மிச்சம் முப்பத்திரண்டுக்குச் சராசரி போட்டா மூணாவது இடம் வராதா? செக்கிங் வரப்போகுதுன்னு தெரிஞ்சு, டிக்கெட் எடுக்காதவனை முந்தின ஸ்டாப்லயே இறக்கிவிட்ட கதையா இருக்கு."

"எதையும் தெரியாம பேசாதே."

"தெரிஞ்சுதான் பேசுறேன். அண்ணியைச் சொல்ல எனக்கு வாய் கூசுது. ஆனா நீயே சொல்லு, அந்த ஸ்கூல்ல அண்ணிக்குத் தெரியாம ஒரு சாக்பீஸ் உடையுமா?"

உடையாது என்று அவருக்கே தெரியும்.

"என் பொண்ணுக்கு மூளையில குறையா? கண்ணுதான் குறை, நீயே சொன்னே. நாலு நாள் கழிச்சுக் கண்ணாடியோட எழுதியிருந்தா அவளும் மார்க் வாங்கியிருப்பா. அந்த வாய்ப்பையே குடுக்காம தூக்கிப் போட்டுட்டாங்களே!" தங்கைக்குக் கண் கலங்கியது. கலங்கியதை மறைக்க விசிலைப் பிடித்துத் திருகினாள். "சாயங்காலம் அந்த அதிகாரி முன்னாடியே கேக்கப் போறேன். அன்னிக்கு அவ இங்கதான் இருந்தாங்கிறதுக்கு எழுத்துல ஏதாவது வச்சிருக்கியா?"

"தேடிப் பார்க்கணும்," என்றார் கடைக்காரர்.

நோட்டு அவருக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியில் இருந்தது.

* * *

தங்கை போனதும் கடையின் கதவைச் சாத்திவிட்டு நோட்டை எடுத்தார். பெரிய அதிகாரி மாதிரி பச்சை மையில்தான் எழுதுவார். அது அவருடைய சின்ன ஜம்பம். தேதியைப் பார்த்தார். வியாழக்கிழமை. மதிப்பெண் சீட்டில் தேர்வு நடந்ததாக இருந்த அதே வியாழன்.

அந்தக் காலை இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. ஓவிய ஆசிரியர் பதினொரு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார். தூரப் பார்வை பார்க்க அவரிடம் இரண்டு அட்டை உண்டு. ஒன்று எழுத்து அட்டை. இன்னொன்று படிக்காதவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும். அதில் எழுத்து இருக்காது, சீப்பு மாதிரி மூன்று பல் வைத்த குறிகள் இருக்கும். பல் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும்.

பதினொரு பேரும் சீப்பு அட்டையைக் கடைசிப் பொடி வரிவரை பிசகாமல் காட்டினார்கள். எழுத்து அட்டைக்கு வந்ததும் பத்துப் பேர் முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தார்கள். சின்னக் குறியைத் தெளிவாகப் பார்க்கும் கண், பெரிய எழுத்தைப் பார்க்காமல் இருக்குமா? கண்ணில் ஒன்றும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை.

கடைசியாக வாலு உட்கார்ந்தாள். அம்மா டிரிப்பு முடிந்து வரும்வரை அந்தக் கடையிலேயே வளர்ந்தவள்.

"வாசிம்மா," என்றார்.

"ப, ட, ம, ய, ச, க," என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இரண்டாம் வரியையும் அதே வேகத்தில் சொல்லிவிட்டு, எப்படி என்பது போல அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சுவரில் இருந்தது 'த, ல, ன, வ'. முந்தின மாதம்தான் நைந்துபோன பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார். அவள் சொன்னது பழைய அட்டை. வருகிறவர் போகிறவர் எல்லாம் வாசிக்கக் கேட்டு, பத்து வருஷத்தில் மனப்பாடமான அட்டை.

பழைய அட்டையை ஒப்பித்ததைச் சேர்த்து, மற்ற பத்துப் பேருக்கு எழுதியதையே நோட்டில் அவளுக்கும் எழுதினார். பள்ளிக்கு அனுப்பிய தாளில் பத்துப் பேருக்கு 'பார்வை சரி' என்று எழுதினார். பதினோராவது பெயருக்கு மட்டும் கை வரவில்லை.

ஏனென்றால் மறுநாள் அந்தத் தாளை எழுதி முடிப்பதற்குள், கண் பார்த்ததைக் கேள்விப்பட்டுத் தங்கை வந்துவிட்டாள். "கண்ணுல ஏதாவது கோளாறா அண்ணா?" என்று கேட்டாள். கோளாறு இருக்க வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். "கொஞ்சம் இருக்கு," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீல நிற பிரேமில் வெறும் கண்ணாடியை மாட்டிக் கொடுத்தார். ஜன்னலில் இருக்கிற கண்ணாடிக்கும் அதற்கும் பவரில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஒரு வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வாரம் மாதமாகி, மாதம் நான்காகிவிட்டது. அந்த நாலு மாசத்தில் ஒருவர்கூட அவளுக்கு ஒரு எழுத்து சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணாடிதான் போட்டாயிற்றே, இனி எல்லாம் தானாக வந்துவிடும் என்று தாய் நிம்மதியாக இருந்தாள்.

இப்போது இந்த நோட்டைத் தங்கையிடம் கொடுத்தால் மனைவியின் குட்டு உடையும், அதே பக்கத்தில் அவருடைய குட்டும் உடையும். மனைவியிடம் கொடுத்தால்? அவள் எதற்குக் கேட்கிறாள்? விழா நடக்கிற அன்றைக்குப் பார்த்து எதற்கு?

கிழித்துப் போடத்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு வலித்தது. தான் திருடி பிறரை நம்பாள் என்று சும்மாவா சொன்னார்கள்!

* * *

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். வழியில் மூன்று பேர் வாழ்த்துச் சொன்னார்கள். மூன்று பேரும் பொட்டலத்தையே பார்த்ததாக அவருக்குப் பட்டது.

தலைமையாசிரியை அறைச் சுவரில், எட்டாம் வகுப்பு மாவட்டத் தேர்வு என்று தலைப்பிட்ட கரும்பலகை. மொத்தம் 43, எழுதியவர் 32. வராதவர் என்ற இடம் அழிக்கப்பட்டு வெள்ளையாகத் தீற்றியிருந்தது.

மனைவி கதவைச் சாத்தினாள். "கொண்டு வந்தீங்களா?"

"எதுக்குன்னு சொல்லு. அப்புறம் தர்றேன்."

"என்ன இது புதுசா?"

"கிழிச்சுப் போடவா?"

அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "என்ன கேட்டீங்க?"

அவருக்குக் காலையிலிருந்து அடைத்து வைத்திருந்தது எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. "பரீட்சை அன்னிக்கு, மார்க் வராத பதினொரு பேரையும் பொறுக்கி எடுத்து என் கடைக்கு அனுப்பினே. எனக்கு அன்னிக்குப் பரீட்சைன்னு தெரியாது. உனக்குத் தெரியும். உன் மூணாவது இடத்துக்கு என் கடையை மறைப்பாக்கிட்டியே! அதுல என் தங்கச்சி பொண்ணும் இருக்கா. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"வாசிங்க. சத்தமா வாசிங்க."

"'வாசிக்கத் திணறும் பதினொரு மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வரும் செவ்வாய்க்கிழமை...'"

அவர் அங்கேயே நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை என்பது அடிக்கப்பட்டிருந்தது. அதன் தலைக்கு மேல், பச்சை மையில், 'மெஷின் பல்பு போய்விட்டது. வியாழன் அனுப்பவும்.'

அவருடைய கையெழுத்துதான். பியூன் கொண்டுவந்த கடிதத்தை வாங்கி, நின்ற நிலையிலேயே கிறுக்கித் திருப்பி அனுப்பியது. சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

"தேதியை மாத்தினது யாருங்க?" என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வியாழன்தான் பரீட்சைன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். கேள்வியில் பழைய காரம் இல்லை.

"அப்போ தெரியாது. தேதியை முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வாங்க, யாரும் தயார் பண்ணி வைக்கக் கூடாதுன்னு. இருந்த பரபரப்புல எனக்குக் கண் டெஸ்ட்டே ஞாபகம் இல்லை. காலையில ஓவிய ஆசிரியர் சொன்னபடி பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டார். ஒன்பதரைக்குக் கேள்வித்தாள் குடுக்கும்போதுதான் பார்த்தேன். பதினொரு இடம் காலி."

"ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல அனுப்பியிருப்பேனே."

"போனை எடுத்தேன். உங்க நம்பரையும் எடுத்தேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்புறம் வச்சுட்டேன். அதை நான்தான் செஞ்சேன். அதுக்கு வேற யாரையும் கை காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"ஒவ்வொரு வருஷமும் இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொண்ணு. ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துல என்னை எழுப்பி நிக்க வச்சு ஏன்னு கேப்பாங்க. ஒரு தடவையாவது உக்கார்ந்தே இருக்கலாம்னு ஆசை வந்துடுச்சுங்க. கேவலமாத்தான் இருக்கு. ஆனா வந்துடுச்சு."

வெளியே யாரோ மைக்கைத் தட்டிச் சோதித்தார்கள்.

"காலையிலேர்ந்து என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தீங்க. நானும் நாலு மாசமா உங்களை அப்படித்தான் பார்த்துட்டிருக்கேன்," என்றாள். "வாலு ஒரு நாள் முகம் கழுவக் கண்ணாடியைக் கழட்டி வச்சா. துடைச்சு, போட்டுப் பார்த்தேன். எதுவும் பெருசாகலை, எதுவும் சிறுசாகலை. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லலை. நானும் கேக்கலை."

அவர் பொட்டலத்தின் செய்தித்தாள் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அந்தப் பேரை எல்லாம் நான் ஏன் எழுதினேன்னு நினைக்கிறீங்க? கண்ணா இருக்கணும், கண்ணா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே எழுதினேன். கண்ணா இருந்தா நீங்க சரி பண்ணிடுவீங்க. வாசிக்க வரலைன்னா அது என் குத்தம்."

"இப்ப நோட்டு எதுக்கு?"

"கடைசிப் பத்து இடத்துல இருக்கிற பள்ளிக்கு ஆளுக்கொரு வாசிப்பு ஆசிரியர் தர்றதா இந்த வருஷம் திட்டம். மொத்தம் முப்பத்தாறு பள்ளி. முப்பத்தொண்ணுலயே இருந்திருந்தா நமக்கு ஒருத்தர் வந்திருப்பார். இப்பதான் மூணாவது இடமாச்சே! தேவையில்லைன்னு அதிகாரி இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போறார். அடுத்த வருஷம் அந்தப் பதினொண்ணும் இங்க இருக்காது, வெளியே போயிடும். நீங்க அனுப்பின தாள்ல 'பார்வை சரி'ன்னு மட்டும்தான் இருக்கு. அந்த நோட்டு கையில இருந்தா மேடையில நின்னு சொல்லலாம். இவங்க எழுதலை, கண்ணு நல்லாயிருக்கு, வாசிக்க வரலை, இதோ எழுத்துல இருக்குன்னு சொல்லலாம். வாயால சொன்னா கைதட்டிட்டுப் போயிடுவாங்க."

"அதுல..."

"தெரியும். பதினோராவது வரி உங்க தலையில விழும். அதனாலதான் நானா கடைக்கு வந்து எடுக்கலை. நாலு மணிக்குள்ள முடிவு பண்ணுங்க."

அவர் எழுந்தார். கதவருகே போனவர் திரும்பிப் பார்த்தார். சந்தேகம் ரத்தம் குடிக்கிற அட்டைப் பூச்சி மாதிரி, லேசில் விடாது.

"குடுத்தா நிஜமாவே சொல்வியா? கேடயத்தைக் கையில வச்சுக்கிட்டு?"

அவள் கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"அது எனக்கே தெரியலைங்க."

* * *

நான்கு மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் 'மாவட்டத்தில் மூன்றாம் இடம்' என்று ஆள் உயர எழுத்தில் பேனர். நடு மேஜையில் கேடயம் பளபளத்தது. அதிகாரி வலது ஓரத்தில், மடியில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை இடது ஓரத்தில், படிக்கட்டு அருகே.

கடைக்காரர் நாலாவது வரிசை. பக்கத்தில் நீலக் கண்ணாடி போட்ட வாலு, அதற்கடுத்து காக்கிச் சட்டையோடு தங்கை. டியூட்டியை யாருக்கோ மாற்றிவிட்டு வந்திருந்தாள்.

"கிடைச்சுதா?" தங்கை குனிந்து கேட்டாள்.

மனைவியிடமும் கொடுக்கவில்லை, வீட்டிலும் வைக்கவில்லை. மதியத்திலிருந்து அந்தப் பொட்டலத்தைச் சுமந்து சுற்றியதில் ஒன்று மட்டும் புரிந்திருந்தது. ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் பெற்றவளுக்குத் தெரிய வேண்டும். பொட்டலத்தை நீட்டினார்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"படிச்சுட்டுக் கேக்கிறேன்."

செய்தித்தாளைக் கிழித்தாள். பத்து வருஷம் டிக்கெட் கிழித்த விரல் பெயர்களின் மேல் சரசரவென்று இறங்கியது. "இதோ தேதி! வியாழன்! நான் சொல்லலை? இனி யாரும் என்..."

விரல் தன் மகளின் பெயரில் நின்றது. பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. அங்கே பச்சை மையில் இருந்ததை ஒரு முறை வாசித்தாள். பிறகு உதடு அசைய மறுபடியும் வாசித்தாள்.

'சீப்பு அட்டை கடைசி வரிவரை சரி. எழுத்து அட்டை வாசிக்கவில்லை. பழைய அட்டையை ஒப்பித்தாள். பார்வை சரி.'

"பார்வை சரியா?" என்றாள்.

கடைக்காரர் தலையாட்டினார்.

"அப்ப இவ போட்டிருக்கிறது?"

"வெறும் கண்ணாடி. உன் முகத்தைப் பார்த்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரலை. தேதியை மாத்தினதும் நான்தான். அன்னிக்குப் பரீட்சைன்னு தெரியாம மாத்தினேன். எல்லாத்தையும் சேர்த்துத் திட்டிடு."

ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல் அவளுக்கு. இப்போது பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எத்தனை பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா? என் பொண்ணுக்குப் புத்தி நல்லாயிருக்கு, கண்ணுதான் கோளாறுன்னு. டிரைவர்கிட்ட சொன்னேன். டெப்போ முழுக்கச் சொன்னேன். நீ கேட்டுட்டு நின்னியேண்ணா. நாலு மாசம் கேட்டுட்டு நின்னியே!"

தங்கை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

வாலு கண்ணாடியைக் கழற்றினாள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேடையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா, அந்த பேனர்ல மூணு வார்த்தை இருக்கு. கடைசி எழுத்து தலையில ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்துல ஒரு பல்லி ஒட்டியிருக்கு, அதுக்குப் பாதி வால்தான். எல்லாம் தெரியுதும்மா. ஒரு எழுத்து, ரெண்டு எழுத்துகூடத் தெரியுது. சேர்த்தா என்னன்னு மட்டும் தெரியலை."

தங்கை மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் மாமா, இதுல ஒண்ணும் இல்லைன்னு," என்றாள் வாலு. "நீங்க பாவம்னுதான் போட்டுக்கிட்டேன்."

கடைக்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

மைக்கில் தலைமையாசிரியையின் பதவியைச் சொல்லி அழைத்தார்கள். மண்டபம் கைதட்டியது. அவர் மனைவி எழுந்தாள். கையில் பச்சை மை பட்ட அந்தக் கடிதம். மேஜைக்குப் போகாமல் நாலாவது வரிசையில் அவரைத் தேடினாள். அவருடைய வெறும் கையைப் பார்த்தாள். முகம் சற்று வாடியது.

அதற்குள் தங்கை எழுந்துவிட்டாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "வழி, வழி விடுங்க," என்றாள். குரல் திரும்பி வந்திருந்தது. கூட்டம் தானாக விலகியது. கைதட்டல் அங்கங்கே தடுமாறி நின்றது.

கடைக்காரர் எழுந்து பார்த்தார். இடது பக்கம் அண்ணி, வலது பக்கம் அதிகாரி. அண்ணி கையில் கொடுத்தால் அண்ணி பேசலாம், பேசாமலும் போகலாம். அதிகாரி கையில் கொடுத்தால் அண்ணி இனிப் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது. தங்கை எந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று அண்ணனுக்கே தெரியவில்லை. முன்வரிசைக்காரர்கள் வேடிக்கை பார்க்க எழுந்துவிட்டார்கள். அவருக்கு மேடையே மறைந்துபோயிற்று.

"எந்தப் பக்கம் போறா உங்கம்மா?" என்று தவித்தார்.

வாலு நீலக் கண்ணாடியை மடித்து அவர் சட்டைப் பையில் போட்டாள். நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"இருங்க மாமா, நான் பார்த்துச் சொல்றேன். எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே."